படி இறங்குகிறவரைக் கூப்பிடாதே

உங்களில் யாரெல்லாம் போன வாரப் போட்டியில் பயிற்சியாளர் நாற்காலியில் உட்கார்ந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் பார்வையாளர் வரிசையில்தான் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு எனக்குக் கிடைத்திருக்கும் பெரிய சுகம் அது, வேர்க்கடலை தின்றுகொண்டே அடுத்தவர் டென்ஷனைப் பார்ப்பது. ஒரு தம்பி, பெயர் வேண்டாம், தன் மாணவனிடம் "முன்னாடி போ, பின்னாடி வா, சுத்து, சுத்தாத, இப்ப அடி, இப்ப வேணாம்" என்று ஒரே மூச்சில் அடுக்கினார். பையன் சண்டையை விட்டுவிட்டு, இதில் எதைச் செய்ய என்கிற முகத்தோடு அவரைத் திரும்பிப் பார்த்தான். அந்த நேரத்தில் விழுந்தது ஓர் உதை. நான் சிரிக்கவில்லை. சரி, கொஞ்சம் சிரித்தேன்.

டேக்வாண்டோ சொல்லிக்கொடுக்க வந்திருக்கும் உங்களுக்கு உதைப்பது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. எனக்கு இப்போது காலைத் தூக்கிக் கட்டிலில் வைப்பதே ஒரு பயிற்சி. நான் சொல்ல வந்தது அந்த நாற்காலியைப் பற்றி. மூன்று சுற்று, அதில் இரண்டை எடுப்பவருக்கு வெற்றி, நடுவில் ஒரு நிமிட ஓய்வு, தரையில் விரித்த ரப்பர் மேட்டின் ஓரத்தில் பயிற்சியாளருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பிள்ளை மூச்சிரைக்க வந்து நம் முன்னால் நிற்கும். அந்த ஒரு நிமிடத்தில் என்ன சொல்வது? உடம்பு தானாகச் செய்வதை நம்பு என்பதா, யோசித்து ஆடு என்பதா? நம் வட்டாரத்தில் இதை வைத்துப் பேச்சே நின்றுபோன நண்பர்களை எனக்குத் தெரியும்.

இரண்டு பக்கமும் நானே பட்டுப் பார்த்தவள். ஏம்பலத்திலிருந்து ஒரு பையன் வந்துகொண்டிருந்தான். நடுவர் கையை எடுத்ததும் பாய்வான், அவ்வளவுதான் அவன் வித்தை. முதலில் எல்லோரையும் கவிழ்த்தான். பிறகு எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று, பாய்வதற்கு முன்னால் அவனுடைய வலது தோள் மேலே ஏறும் என்று. அதன் பிறகு அடி வாங்குவது அவன் முறை. நாங்கள் எல்லோரும் சேர்ந்து யோசி, யோசி என்று அவனைப் பிடுங்கினோம். அவனும் யோசித்தான், மேட்டின் நடுவில் நின்றுகொண்டு, கரண்ட் போன மிக்சி மாதிரி. இன்று சொந்தமாக டிராக்டர் வைத்திருக்கிறான். வழியில் பார்த்தால் வணக்கம் சொல்கிறான், தோள்தான் இன்னும் முதலில் ஏறுகிறது.

யோசிக்காமல் ஆடினாலும் உதை, யோசித்தாலும் உதை என்றால் நாற்காலியில் எதற்கு ஓர் ஆள்? இதற்கு எனக்குப் பதில் கிடைத்தது வில்லியனூரில், ஒரு துணிக்கடைப் படியில்.

எங்கள் பயிற்சி அப்போது ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்துகொண்டிருந்தது. முகூர்த்த நாளில் வகுப்பு கிடையாது, மறுநாள் வந்தால் மேட்டுக்கு அடியிலிருந்து அப்பளத் துண்டு வரும். பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டர்க்கி டவல் வாங்கலாம் என்று ஒரு நாள் கடைத்தெருவுக்குப் போனேன். பேரம் பேசுவதில் எனக்கு அப்போதும் கர்வம் உண்டு, இப்போதும் உண்டு. எங்கள் பங்கில் மாதா கோயில் திருவிழாவுக்குப் புடவை எடுக்கப் போகிறவர்கள் என்னைத்தான் துணைக்குக் கூப்பிடுவார்கள்.

என் முறை எல்லோருக்கும் தெரிந்த முறைதான். விலை கேட்க வேண்டும். உதட்டைப் பிதுக்க வேண்டும். "வேணாம்பா, அந்தக் கடையிலயே பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்க வேண்டும். தெருவில் கால் வைப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வரும், வாங்கக்கா, கடைசி விலை சொல்றேன் என்று. வராத கடையை நான் பார்த்ததில்லை.

அன்றைக்குக் கடையில் ஒரு பெண் மட்டும் இருந்தாள். பள்ளிக்கூடச் சீருடையைக் கூட மாற்றவில்லை. அப்பா தொழுகைக்குப் போயிருக்கிறார் என்றாள். எனக்கு ஒரே சந்தோஷம், சின்னப் பெண், பாதி விலைக்கு அடித்துவிடலாம் என்று. கேட்டேன், பிதுக்கினேன், படி இறங்கினேன். குரல் வரவில்லை. மெதுவாக நடந்தேன். டீக்கடை வரைக்கும் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் அவள் நான் கலைத்துப் போட்ட டவல்களை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருக்கிறாள், மேலே அடுக்கில் வைக்கவில்லை, என் பக்கமாகவே வைத்திருக்கிறாள்.

எனக்கு டவல் வேண்டும். வேறு வழியில்லாமல் திரும்பிப் போனேன்.

"இன்னாம்மா, கஸ்டமர் போனா கூப்ட மாட்டியா?"

"நீங்க வருவீங்கன்னு தெரியும்க்கா. செருப்பு மாட்டறப்போ உங்க காலு கடைப்பக்கம்தான் பாத்துட்டு இருந்துது. நெஜமா போறவங்களுக்கு மொதல்ல காலு திரும்பும், அப்புறம்தான் மூஞ்சி."

முழு விலை கொடுத்து வாங்கினேன். பையை வாங்கிக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன செய்வாய் என்று அவளிடம் கேட்டேன்.

அவள் பெயர் ஷமீமா. கடைக்காரரான அவளுடைய அத்தாவிடம் அனுமதி கேட்கப் போனபோது அவர் மறுக்கவே இல்லை. அந்தத் துணிக்கடை பாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மனைவி இறந்த பிறகு கடையையும் மகளையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டவர். முட்டி வலி. பேசினால் பாதி வியாபாரம், பாதி விளையாட்டு, எது எது என்று எளிதில் கண்டுபிடிக்க முடியாது. "கத்துக்கட்டும் மாஸ்டரம்மா, கடன் சொல்றவங்கள ஒதைக்க ஒரு ஆள் வேணும்ல" என்றார். எனக்கு மாஸ்டரம்மா என்று பெயர் வைத்ததே அவர்தான்.

ஷமீமா உயரமில்லை, வேகம் என்றும் சொல்ல முடியாது. ஆனால் எதிராளியின் கால் அசைந்ததுமே, அந்த உதை முழுதாக வரும் முன்பே, இவள் உதை போய் விழுந்திருக்கும். எதிரியின் மார்பைப் பார்த்து ஆட வேண்டும் என்றுதான் நாம் எல்லோருக்கும் சொல்கிறோம். அவளுக்கும் சொன்னேன். சரி மாஸ்டர் என்பாள், பார்வை தரையில் இருக்கும். ஜெயித்துக்கொண்டிருக்கிற பிள்ளையை எதற்குத் தொந்தரவு செய்வது என்று விட்டுவிட்டேன். போட்டிக்கு வந்தவர்கள் பிறவியிலேயே வந்த உள்ளுணர்வு என்று மெச்சினார்கள். நான் மனசுக்குள் சிரித்துக்கொள்வேன். வருடக் கணக்கில் என்னைப் போன்ற பெண்களின் காலைப் பார்த்து வந்த உள்ளுணர்வு அது.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபோது கடையில் நின்ற ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார். பாய்க்குப் படி ஏறி மேலடுக்கிலிருந்து துணி எடுக்க முடியவில்லை. ஷமீமாவுக்கு உடற்கல்வி படிக்க வேண்டும், அதுவும் எதற்கு என்றால், "ஒங்க நாற்காலில நான் உக்காரணும் மாஸ்டர்" என்று ஒரு நாள் மேட்டைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். எனக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு பெருமை. ஆனால் பாய் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். மாநில அணியில் இடம் கிடைத்தால் படிக்கப் போகலாம், கிடைக்காவிட்டால் கடைக்கு வந்துவிட வேண்டும். அதை அநியாயம் என்று சண்டை போட எனக்கு இடமில்லை. கடை என்றால் அது அவர்கள் சாப்பாடு.

தேர்வுப் போட்டி டவுனில். எடைப்பிரிவில் முதலில் வருகிறவருக்கு அணியில் இடம். ஷமீமா இறுதிப் போட்டி வரைக்கும் சிரமமில்லாமல் வந்தாள். இறுதியில் எதிரே நின்றவள் மூலக்குளத்துப் பெண், நல்ல உயரம். அவளுடைய பயிற்சியாளர் கெட்டிக்காரர். காலையிலிருந்து எங்கள் மேட்டின் ஓரமாகவே நின்று ஷமீமாவின் கண்ணைக் கவனித்துக்கொண்டிருந்தார். நான் அவரைக் கவனித்தேன், அவர் எதைக் கவனிக்கிறார் என்று கவனிக்கவில்லை.

முதல் சுற்றில் அது தெரிந்தது. மூலக்குளத்துப் பெண் முன்காலைச் சற்றே தூக்கினாள். ஷமீமா உதைத்துக்கொண்டு உள்ளே போனாள். தூக்கிய கால் சும்மா கீழே இறங்கியது, அவளுடைய மறு கால் வந்து ஷமீமாவின் மார்புக் கவசத்தில் பட்டென்று விழுந்தது. மறுபடியும் தூக்கினாள், மறுபடியும் இவள் போனாள், மறுபடியும் விழுந்தது. தூண்டில் போட்டு மீன் பிடிக்கிற மாதிரி சுற்று முழுக்க இதே கதை. மேல் வரிசையில் பாய் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி இருந்தார். அங்கே அப்படி ஒன்றும் வெயில் இல்லை.

ஷமீமா என் முன்னால் வந்து நின்றாள். கண் நிறைந்திருந்தது.

"அவ காலு பொய் சொல்லுது மாஸ்டர்."

இப்போது யோசித்துப் பாருங்கள், நீங்கள் அந்த நாற்காலியில் இருக்கிறீர்கள். இன்னொரு சுற்று போனால் முடிந்தது. இந்தப் பிள்ளை நாளையிலிருந்து கடையில். எனக்கு வாயில் முதலில் வந்தது, காலைப் பார்க்காதே, மார்பைப் பார் என்பதுதான். நூற்றுக்கு நூறு சரியான யோசனை. நல்லவேளையாக என் கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. அதைத் திறந்து அவளுக்குக் கொடுத்த நேரம் எனக்கு யோசிக்கக் கிடைத்தது. இத்தனை வருடமாகச் சொல்லி ஏறாதது இந்த ஒரு நிமிடத்தில் ஏறுமா? ஏறாது. புதிய கண்ணை மாட்டிக்கொண்டு போய் நின்றால் ஏம்பலத்துப் பையன் கதைதான். சரி, உடம்பை நம்பி ஆடு என்று சொல்லலாமா? உடம்பைத்தானே அந்தப் பெண் ஏமாற்றிக்கொண்டிருக்கிறாள்.

அவள் தோளில் போட்டிருந்த டவல் கண்ணில் பட்டது. அன்றைக்கு நான் முழு விலை கொடுத்து வாங்கிய அதே டவல்.

"கடைல வெல கேட்டுட்டு, சும்மானா படி எறங்கறவங்கள இன்னா பண்ணுவ?" என்று கேட்டேன்.

இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்பது போலப் பார்த்தாள். பிறகு அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"கூப்ட மாட்டேன்."

"அவ்ளோதான். போ."

நிமிடத்தில் பாதிகூட ஆகியிருக்காது. மீதி நேரம் முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. டவலை வாங்கி அவள் கழுத்தைத் துடைத்தேன். என் பணிக்காலத்தில் நான் செய்த கஷ்டமான வேலை எது என்று கேட்டால், அந்த அரை நிமிடம் பேசாமல் இருந்ததைத்தான் சொல்வேன்.

இரண்டாவது சுற்றில் மூலக்குளத்துப் பெண் காலைத் தூக்கினாள். ஷமீமா நின்றாள். மறுபடியும் தூக்கினாள். நின்றாள். பயந்துவிட்டாள் என்று நினைத்து அரங்கத்தில் யாரோ ஊளையிட்டார்கள். அவள் பார்வை எப்போதும் போல எதிராளியின் காலில்தான், ஆனால் இப்போது அதில் அவசரம் இல்லை, டவல் மடிக்கிறவளின் முகம். தூண்டில் போட்டவளுக்கு எவ்வளவு நேரம்தான் பொறுமை இருக்கும்? கடைசியில் அவள் நிஜமாகவே உதைக்க வந்தாள். ஊன்றியிருந்த கால் திரும்பியது. ஷமீமா அதற்காகத்தான் காத்திருந்தாள். அந்தச் சுற்று எங்களுடையது.

மூன்றாவது சுற்று அப்படி லேசாக இல்லை. அந்தப் பயிற்சியாளர் கெட்டிக்காரர் என்று சொன்னேன் இல்லையா, அவரும் தன் பெண்ணிடம் ஏதோ சொல்லியனுப்பியிருந்தார். அவள் பொய்க்கு நடுவே மெய்யையும் கலந்தாள், முதலில் தூக்கிய காலாலேயே ஓரிரு தடவை நிஜமாக உதைத்தாள். புள்ளி சமமாக நின்றது. நேரம் தீரப்போகிறது. எனக்குத் தெரியாமலே நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். இப்ப அடி என்று கத்த வாய் திறந்துவிட்டது. கத்தியிருந்தால் அவள் காது என் பக்கம் வந்திருக்கும், காதோடு கண்ணும் வந்திருக்கும். கையிலிருந்த டவலை வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டேன். புகைப்படம் எடுத்தவர்கள் இருக்கிறார்கள், எங்கள் வீட்டில் அதை இன்னும் காட்டிக் காட்டிச் சிரிக்கிறார்கள்.

எதிராளியின் கால் எழுந்தது, இறங்கியது. ஷமீமா அசையவில்லை. ஒரு மூச்சு நேரம் இருவரும் நின்றார்கள். பிறகு எதிராளியின் பின்கால் குதி திரும்பியது, அவளுடைய உதை கிளம்புவதற்குள் ஷமீமாவின் கால் அவள் மார்புக் கவசத்தில் இருந்தது. மணி அடித்தது.

எது உள்ளுணர்வு, எது யோசனை என்று என்னைக் கேட்டால் நான் அந்த உதையைத்தான் காட்டுவேன். பொறு என்று சொன்னது யோசனை, அது முன்கூட்டியே, நாற்காலிக்கு எதிரே நின்றபோதே முடிந்துவிட்டது. உதைத்தது உடம்பு, அது யாரையும் கேட்கவில்லை. யோசனைக்கு மேட்டுக்குள் அவ்வளவுதான் இடம், ஒற்றைச் சொல் அளவுக்கு. அதுவும் பிள்ளையின் சொந்தப் பிழைப்பிலிருந்து எடுத்த சொல்லாக இருந்தால்தான் உள்ளே போகும். நம் புத்தகத்திலிருந்து எடுத்ததைக் கொடுத்தால் வாசலிலேயே நிற்கும். துணிக்கடைப் பெண்ணுக்குத் துணிக்கடை. டிராக்டர் ஓட்டுகிறவனுக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நான் இப்போதும் யோசிக்கிறேன்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் உங்களுக்கு ஒரே பாடம். ஆனால் பாய் முட்டியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி எங்களிடம் வந்தார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சொன்ன சொல் ஞாபகம் இருக்கிறதா, இவள் படிக்கப் போகிறாள், கடைக்கு நீங்களே ஆள் தேடிக்கொள்ளுங்கள் என்று அவரை மடக்கினேன்.

"கடைக்குப் போன வாரமே ஆள் வெச்சிட்டேன் மாஸ்டரம்மா. நெட்டப்பாக்கத்துப் பொண்ணு, நல்லா பேசுது" என்றார்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இவள் தோற்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். தோற்றாலும் படிக்கத்தான் அனுப்பியிருப்பேன் என்றார். பிறகு எதற்கு அப்படி ஒரு பேச்சு என்றேன்.

"சும்மா படி எறங்கிப் பாத்தேன். புள்ள எவ்ளோ தூரம் ஆசப்படுதுன்னு தெரியணும்ல."

பக்கத்தில் நடுவர்கள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் நான் அவரைத் திட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே நின்றார். அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் இவள் இந்த அளவுக்கு நின்றிருப்பாளா என்பது அவர் கட்சி. முதல் சுற்று முடிந்து இவள் கண்ணில் நின்ற தண்ணீரை நீங்கள் மேல் வரிசையிலிருந்து பார்த்திருக்க முடியாது என்பது என் கட்சி. இந்த வழக்கு இன்றும் தீரவில்லை, ஒவ்வொரு தடவை கடைக்குப் போகும்போதும் டீ சொல்லிவிட்டு மறுபடியும் ஆரம்பிக்கிறோம்.

ஷமீமா தரையில் உட்கார்ந்து மார்புக் கவசத்தின் கயிற்று முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நான் விளையாட்டாகத்தான் அவளைக் கேட்டேன்.

"ஏன்டீ, ஊர்ல கீறவங்க காலெல்லாம் படிக்கறியே, உங்கத்தா காலப் பாக்கலியா நீ?"

அவள் கயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அத்தா சொன்னா நெஜம்னுதான் நெனச்சேன் மாஸ்டர். அத்தா காலப் போயி யாராவது பாப்பாங்களா?"

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். பாயின் சிரிப்பு நின்றுவிட்டது. தொப்பியைக் கழற்றினார், மறுபடியும் போட்டுக்கொண்டார். பிறகு குனிய முடியாத முட்டியோடு குனிந்து, அவளால் அவிழ்க்க முடியாத அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டார். நான் டவலை எடுத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். எதிராளியைக் காலால் ஏமாற்றுங்கள், கண்ணால் ஏமாற்றுங்கள், அது விளையாட்டு. ஆனால் நம் எதிரே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிற பிள்ளை நம் காலைப் பார்ப்பதில்லை. நாம் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறுகிறது. அவர்களிடம் மட்டும் படி இறங்கிக் காட்டாதீர்கள்.

போன வாரம் சிவப்பு மூலையில் கத்தாமல் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, யார் இவர், வாயே திறக்க மாட்டேன் என்கிறாரே என்று உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டீர்கள். ஷமீமாதான் அது. அவளுடைய குட்டி மாணவி ஒருத்தி, முதல் போட்டி போலிருக்கிறது, மேட்டில் ஏறுவதற்கு முன்னால், "மிஸ், நான் ஜெயிப்பேனா?" என்று கேட்டாள். நான் வேர்க்கடலையைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன். நானாக இருந்தால், கட்டாயம் ஜெயிப்பே, போ என்று முதுகில் தட்டியிருப்பேன்.

ஷமீமா அவள் ஹெல்மெட் வாரைச் சரிசெய்தபடி சொன்னாள்.

"தெரியலடி. ஆனா முடியற வரைக்கும் நான் இங்கியேதான் உக்காந்திருப்பேன்."